ரேஸ் பெட்ரோல் உங்கள் காருக்குத் தேவையா? நீங்களே பார்த்து முடிவெடுக்கும் வழி

கம்பெனியிலிருந்து வந்தது வந்தபடியே ஓடும் ஸ்போர்ட்ஸ் காரில் ரேஸ் பெட்ரோல், அதாவது பந்தயக் கார்களுக்கான உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல், ஊற்றினால் வேகம் கூடுமா? அநேகமாகக் கூடாது. பெரும்பாலான கார்களுக்குச் சிங்கப்பூர் பம்பில் கிடைக்கும் 98 ஆக்டேனைத் தாண்டிப் போவதால் எந்தப் பலனும் இல்லை. சில கார்களுக்கு 95க்கும் 98க்கும் நடுவே உண்மையான வித்தியாசம் உண்டு. மிகச் சில கார்களுக்கு 98கூடக் கொஞ்சம் போதாது. உங்கள் கார் இந்த மூன்றில் எது என்று கண்டுபிடித்துவிட்டால் மற்ற எல்லாக் கேள்விக்கும் பதில் தானாக வந்துவிடும்.

நான் ஜூரோங் தீவில் ஓர் எரிபொருள் சோதனைக்கூடத்தில் வேலை செய்கிறேன். பெட்ரோலின் ஆக்டேன் எண்ணை அளக்கும் எஞ்சினை ஓட்டுவதுதான் என் பொறுப்பு. என் தம்பி டொயோட்டா ஜிஆர்86 வைத்திருக்கிறான். போல்ட் ஒன்றைக்கூட மாற்றாத கார். மலேசியாவின் செப்பாங் ஓட்டப் பாதைக்குப் போவதற்குச் சில நாள் முன்னால் வீட்டுக்கு வந்து, "அக்கா, டின்ல ரேஸ் பெட்ரோல் விக்கிறாங்க, 15 குதிரைத்திறன் கூடும்னு சொல்றாங்க. ஒரு டேங்க் ஊத்திப் பாக்கவா?" என்று கேட்டான். "காசக் கொண்டுபோய் டயர்ல போடுடா" என்றேன். அப்புறம் காரணத்தையும் சொன்னேன். அந்தக் காரணம்தான் இங்கே விரிவாக இருக்கிறது.

ஆக்டேன் எண் எப்படிப் பிறக்கிறது

அந்த எண்ணை அளக்கும் முறை தெரிந்தால் பாதிக் குழப்பம் அங்கேயே தீர்ந்துவிடும். சிஎஃப்ஆர் என்ற பெயரில் இதற்கென்றே ஓர் எஞ்சின் இருக்கிறது. ஒரே சிலிண்டர், சுமார் 612 சிசி. ஓடிக்கொண்டிருக்கும்போதே சிலிண்டரை ஏற்றி இறக்கி, அழுத்த விகிதத்தை (கலவை எத்தனை மடங்கு நெருக்கப்படுகிறது என்ற அளவை) 4:1 முதல் 18:1 வரை மாற்றலாம். இதில் ஆர்ஓஎன், எம்ஓஎன் என்று இரண்டு சோதனைகள், இரண்டு ஆக்டேன் எண்கள். ஆர்ஓஎன் சோதனையில் அது நிமிடத்துக்கு 600 சுற்றில் ஓடும். உள்ளே போகும் காற்றின் சூடு சுமார் 52 டிகிரி. எம்ஓஎன் இதைவிடக் கடுமையான சோதனை. 900 சுற்று, காற்றும் பெட்ரோலும் கலந்த கலவையையே 149 டிகிரிக்குச் சூடாக்கி அனுப்புவோம்.

மாதிரியை ஊற்றி, மானியில் குறிப்பிட்ட அளவு நாக்கிங் (கலவை தானாகவே வெடிப்பது) தெரியும்வரை அழுத்தத்தைக் கூட்டுவோம். பிறகு, அதே இடத்தில் அதே அளவு நாக் அடிக்கும் ஒப்பீட்டுக் கலவை எது என்று தேடுவோம். ஐசோ-ஆக்டேனுக்கு எண் 100, நார்மல் ஹெப்டேனுக்கு எண் 0. முதலாவதில் 95 பங்கும் இரண்டாவதில் 5 பங்கும் சேர்ந்த கலவையோடு உங்கள் பெட்ரோல் ஒத்துப்போனால் அது 95. நூறுக்கு மேற்பட்ட எண்ணுக்கு, ஐசோ-ஆக்டேனில் டெட்ரா எத்தில் ஈயத்தைத் துளித்துளியாகச் சேர்த்து ஒப்பிடுவோம்.

இத்தனை வேலையில் குதிரைத்திறனை யாரும் எங்கேயும் அளக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரு கிலோ ஐசோ-ஆக்டேனை எரித்தால் ஏறத்தாழ 44.3 மெகாஜூல் வெப்பம் கிடைக்கும். ஒரு கிலோ ஹெப்டேனை எரித்தால் 44.6. எண் 0 வாங்கியதுதான் எண் 100 வாங்கியதைவிட ஒரு மயிரிழை அதிகமாக வெப்பம் தருகிறது! ஆக்டேன் கூடினால் பெட்ரோலுக்குள் சக்தி கூடுகிறது என்று எப்போதாவது தோன்றினால் இந்த இரண்டு எண்களையும் நினைத்துக்கொள்ளுங்கள். உயர்ந்த ஆக்டேன் பெட்ரோல் மெதுவாக எரியும் என்ற பேச்சும் அப்படித்தான். தீ பரவும் வேகத்துக்கும் ஆக்டேன் எண்ணுக்கும் நேரான உறவு கிடையாது.

ஆக்டேன் எண் அளப்பது ஒன்றை மட்டும்தான்: தாங்கும் திறன். ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ சிலிண்டரின் ஓரம் வரை பரவி வருவதற்குள், அந்த ஓரத்தில் மிச்சமிருக்கும் கலவை அழுத்தமும் சூடும் பொறுக்காமல் தானாகவே வெடித்தால் அது நாக்கிங். தொடர்ந்து பலமாக நடந்தால் பிஸ்டனே உடைந்து போகலாம். எண் கூடக்கூட அந்தக் கலவை பொறுத்துக்கொள்ளும்.

இசியு எதைத் திருப்பித் தரும், எதைத் தராது

இப்போதைய கார்களின் எஞ்சின் பிளாக்கில் நாக் சென்சார் இருக்கும். நாக்கிங் கேட்டதும், எஞ்சினை நடத்தும் கணினியான இசியு பற்றவைக்கும் நேரத்தைச் சில பாகைகள் தள்ளிப்போடும். எஞ்சின் பிழைத்துக்கொள்ளும், ஆனால் திறன் குறையும். பிறகு நாக்கிங் இல்லை என்று தெரிந்தால் மெதுவாகப் பழைய இடத்துக்குத் திரும்பும்.

"பழைய இடம்" என்பதுதான் இதில் முக்கியம். அந்த இடத்தைத் தயாரிப்பாளர் ஒரு குறிப்பிட்ட பெட்ரோலை வைத்து எழுதியிருக்கிறார். 98ஐ நினைத்து எழுதியிருந்தால், 95 ஊற்றும்போது இசியு கொஞ்சம் பறித்துக்கொள்ளும். 98 ஊற்றினால் பறித்ததைத் திருப்பித் தரும். அதற்கு மேல் 110 ஊற்றினாலும் தருவதற்கு அதனிடம் எதுவும் இல்லை. மேப்பில், அதாவது தயாரிப்பாளர் இசியுவுக்குள் எழுதிவைத்த அட்டவணையில், எழுதாத பாகையை அது தானாகக் கண்டுபிடிக்காது. ரேஸ் பெட்ரோலால் நிறையப் பலன் அடைகிற கார்கள் உண்மையிலேயே உண்டு. அவற்றில் டர்போ அழுத்தத்தைக் கூட்டியிருப்பார்கள், அழுத்த விகிதத்தை ஏற்றியிருப்பார்கள், அந்தப் பெட்ரோலுக்கென்றே மேப்பைப் புதிதாக எழுதியிருப்பார்கள். அந்தக் கார்களின் கதையைக் கேட்டு நம் காருக்கு வாங்கினால் பயன் இல்லை.

இன்னொரு விஷயம். பிஐஇ விரைவுச்சாலையில் 80 கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போகும்போது எஞ்சின்மேல் பாரமே இல்லை. அந்த நேரத்தில் எந்தப் பெட்ரோலும் நாக் அடிக்காது. முழுதாக மிதிக்கும்போது மட்டும்தான், அதுவும் குறைந்த, நடுத்தரச் சுற்றில்தான், ஆக்டேனுக்கு வேலை வருகிறது.

முதலில் மூடியைத் திறந்து பாருங்கள்

பெட்ரோல் மூடியின் உட்பக்க ஸ்டிக்கரையும் கையேட்டையும் படியுங்கள். பல ஸ்போர்ட்ஸ் கார்களின் கையேட்டில் இரண்டு எண்கள் இருக்கும்: ஒன்று குறைந்தபட்சம், இன்னொன்று பரிந்துரை. குறைந்தபட்சம் என்றால் எஞ்சின் கெடாது என்று பொருள். பரிந்துரை என்றால் விளம்பரத்தில் போட்ட குதிரைத்திறன் அதில்தான் கிடைக்கும் என்று பொருள். ஒரே எண்தான் இருக்கிறது, அது 95 என்றால், 95 ஊற்றிவிட்டு நிம்மதியாக இருங்கள். அழுத்த விகிதத்தைப் பார்த்துப் பயப்படவும் வேண்டாம். மாஸ்டா எம்எக்ஸ்-5இன் 2 லிட்டர் எஞ்சினுக்கு 13:1 விகிதம், ஆனாலும் அது 95இல் ஓடுவதற்காகச் செய்யப்பட்டது.

எண்ணைப் படிக்கும்போது அது எந்த நாட்டு எண் என்று பாருங்கள். நம் பம்பில் இருப்பது ஆர்ஓஎன். அமெரிக்கப் பம்பில் இருப்பது ஆர்ஓஎன், எம்ஓஎன் இரண்டின் சராசரி. அவர்களுடைய 91 நம் கணக்கில் 95 அல்லது 96. அவர்களுடைய 93 நமக்கு 98ஐ ஒட்டி வரும். அமெரிக்க வீடியோவில் ஒருவர் 91இலிருந்து 93க்கு மாறிப் பலன் கிடைத்தது என்று சொன்னால், அவர் நம்முடைய 95இலிருந்து 98க்கு மாறியிருக்கிறார், அவ்வளவுதான்.

ஜப்பானிலிருந்து பேரலல் இம்போர்ட்டாக (அதிகாரபூர்வ முகவர் வழியாக இல்லாமல்) வந்த கார் என்றால் இன்னும் கவனமாகப் பாருங்கள். அங்கே இரண்டே தரம். சாதாரண பெட்ரோலுக்கு அவர்கள் விதித்திருக்கும் குறைந்தபட்சம் 89, ஹை-ஆக்டேனுக்கு 96. நடைமுறையில் அந்த ஹை-ஆக்டேன் 100ஐ ஒட்டியே விற்கிறது. அதனால் உள்நாட்டுச் சந்தைக்காக மட்டும் செய்த சில டர்போ கார்களின் மேப், 100ஐ எதிர்பார்த்தே எழுதப்பட்டது. பழைய சுபாரு இம்ப்ரெஸா டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ இதற்குப் பேர்போனது. 98கூடக் கொஞ்சம் போதாத கார்கள் என்று சொன்னேனே, அவை இந்த வகைதான். அதற்கும் ரேஸ் பெட்ரோல் வழி இல்லை. ஒரு நல்ல டியூனரிடம் கொடுத்து, மேப்பை நம் 98க்கும் நம் வெயிலுக்கும் ஏற்றபடி இறக்கிக்கொள்வதே நிரந்தரத் தீர்வு.

சென்னையில் இருக்கும் சொந்தக்காரர்கள் இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி100ஐப் பற்றிக் கேட்கிறார்கள். அது 2020 டிசம்பரில் வந்தது, ஆர்ஓஎன் 100. அப்போது அங்கே சாதாரண பெட்ரோல் 91 என்பதால், உயர்ரகக் கார் வைத்திருந்தவருக்கு அது பொருளுள்ள தேர்வாக இருந்தது. நம்மிடம் 98 எல்லா நிறுவனத்திடமும் கிடைப்பதால் அந்தத் தேவை இங்கே எழவில்லை.

95க்கும் 98க்கும் நடுவே உள்ள விலை வித்தியாசத்தில் ஒரு பங்கு வரி. 2021 பிப்ரவரியிலிருந்து 98க்கு லிட்டருக்கு 79 காசு தீர்வை, 92க்கும் 95க்கும் 66 காசு. 50 லிட்டர் நிரப்பினால் அந்த வித்தியாசம் மட்டும் ஆறரை வெள்ளி. கார் கேட்காமல் 98 ஊற்றுபவர் இந்தப் பணத்தைச் சும்மா கொடுக்கிறார். ஷெல் வி-பவர் போன்ற விலை கூடிய 98இல் கூடுதலாக வருவது பெரும்பாலும் சுத்தம் செய்யும் சேர்மானம். இன்ஜெக்டர் சுத்தமாக இருக்க அது உதவும். ஆனால் நேரடியாகச் சிலிண்டருக்குள் பெட்ரோலைப் பீய்ச்சும் எஞ்சினில், வால்வின் பின்பக்கம் படியும் கரிக்கு எந்தப் பெட்ரோலும் போய்ச் சேராது.

டின்னில் என்ன இருக்கிறது

ரேஸ் பெட்ரோல் என்பது ஒரே பொருள் இல்லை. மூன்று வகையாகப் பிரித்துப் பார்த்தால் புரியும்.

ஈயம் கலந்தது. விபி ரேசிங் நிறுவனத்தின் சி16 இந்த வகை. எண் பிரமாதமாக இருக்கும். ஆனால் ஈயம், புகையைச் சுத்தப்படுத்தும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டரின் தேன்கூட்டுக்குள் பூசியிருக்கும் பிளாட்டினம், பலேடியம், ரோடியத்தின்மேல் படிந்து அடைத்துவிடும். ஆக்சிஜன் சென்சாரையும் கெடுக்கும். கழுவியோ நெடுந்தூரம் ஓட்டியோ அதை மீட்க முடியாது. சிங்கப்பூர் 1998இலேயே ஈயம் கலந்த பெட்ரோலை நிறுத்திவிட்டது. இன்றைய கார் எதுவும் ஈயத்துக்காகச் செய்யப்படவில்லை. வாகனப் பரிசோதனையில் புகை தேறாமல் போனால் கன்வெர்ட்டரை மாற்ற வேண்டும். ஆயிரக்கணக்கான வெள்ளிச் செலவு. சிறிய விமானங்களுக்கான 100எல்எல் பெட்ரோலிலும் ஈயம் இருக்கிறது, லிட்டருக்கு 0.56 கிராம் வரை. பெயரில் 'ஈயம் குறைவு' என்று இருப்பதை நம்பி அதைத் தேடிப் போகாதீர்கள்.

ஆக்சிஜன் கலந்தது. எத்தனால் போன்றவை சேர்ந்தது. சாதாரண பெட்ரோலுக்கு ஒரு பங்குக்கு 14.7 பங்கு காற்று வேண்டும் என்றால் எத்தனாலுக்கு 9, மெத்தனாலுக்கு ஆறரை போதும். அதாவது, அதே காற்றுக்கு அதிகமாகப் பீய்ச்ச வேண்டும். இசியு ஓரளவுக்குத்தான் ஈடுகட்டும். அந்த எல்லையைத் தாண்டினால் பி0171 என்ற குறியோடு எஞ்சின் விளக்கு எரியும். பழைய கார்களில் முழுதாக மிதிக்கும்போது ஆக்சிஜன் சென்சாரின் பேச்சை இசியு கேட்பதே இல்லை. கலவை மெலிந்து, வேண்டாத சூடு ஏறும். திறன் கூட வாங்கியது எஞ்சினையே வேகவைத்துவிடும்.

ஈயமும் இல்லாமல், ஆக்சிஜனும் அளவோடு உள்ள தெருவுக்கு ஏற்ற 100 வகை. இதனால் கெடுதல் இல்லை. மேப் மாற்றாத பெரும்பாலான கார்களுக்குப் பலனும் இல்லை.

ஆக்டேன் பூஸ்டர் பாட்டிலையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். "7 புள்ளி ஏற்றும்" என்று அட்டையில் போட்டிருந்தால் பல நேரம் அது 0.7 எண்தான், 10 புள்ளி சேர்ந்தால் 1 ஆக்டேன் என்பது அவர்கள் கணக்கு. எம்எம்டி என்ற மாங்கனீஸ் சேர்மானம் இருந்தால் பிளக்கின் நுனியில் செம்மண் நிறத்தில் படியும். 95 ஊற்றிப் பூஸ்டரும் வாங்குவதற்குப் பதில் 98 ஊற்றுங்கள். எண் உறுதியாகத் தெரியும்.

உங்கள் காரில் நீங்களே சோதிப்பது

யார் சொல்வதையும் நம்ப வேண்டாம், என்னையும் சேர்த்து. ஓபிடி டாங்கிள் (இசியுவின் எண்களைக் கைப்பேசிக்கு அனுப்பும் சிறு கருவி) ஒன்றும் கைப்பேசியும் போதும்.

டேங்கைக் கால்வாசிக்குக் கீழே இறக்கிய பிறகே மாற்றுங்கள். 50 லிட்டர் டேங்கில் 10 லிட்டர் 95 மிச்சம் இருக்க 40 லிட்டர் 98 ஊற்றினால், உள்ளே இருப்பது சுமார் 97.4. அதனால் முதல் டேங்கை வைத்துத் தீர்ப்பு சொல்லாதீர்கள், இரண்டாவது டேங்கில் பாருங்கள். நடுவில் சில நாள் வழக்கம்போல ஓட்டினால் இசியுவும் புதிய பெட்ரோலுக்குப் பழகிக்கொள்ளும்.

பதிவு செய்ய வேண்டியவை நான்கு: எஞ்சின் சுற்று, பாரம், உள்ளிழுக்கும் காற்றின் சூடு, பற்றவைக்கும் நேரம். சில கார்களில் நாக் திருத்தத்தையே தனியாகக் காட்டும் செயலிகள் உண்டு. கிடைத்தால் அதுதான் மிக நேரடியான சான்று. விரைவுச்சாலையில் நுழையும் ஏற்றத்தில், மூன்றாவது கியரில், 2,000 சுற்றிலிருந்து முழுதாக மிதித்து, வேக வரம்புக்குள்ளேயே விட்டுவிடுங்கள். நாக்கிங் அதிகமாக வரும் இடம் அந்தக் கீழ்ச்சுற்றுதான் என்பதால் சட்டத்தை மீறி விரட்ட வேண்டிய தேவையே இல்லை. பதிவை வீட்டுக்கு வந்து பாருங்கள், ஓட்டும்போது திரையைப் பார்க்காதீர்கள்.

ஒப்பிடும்போது காற்றின் சூட்டைக் கண்டிப்பாகச் சரிபாருங்கள். மதியம் நெரிசலில் நின்றுவிட்டு ஓட்டிய பதிவையும், இரவு மழை விட்ட பிறகு ஓட்டிய பதிவையும் பக்கத்தில் வைத்தால் பெட்ரோலைப் பற்றி எதுவும் தெரியாது. குளிர்ந்த காற்று அடர்த்தியானது, நாக்கிங்கும் குறையும். புதிய பெட்ரோல் ஊற்றியதும் கார் பறக்கிறது என்று சொல்கிறவர்களில் பலர் உணர்ந்தது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் அது அன்றைய மழை செய்த வேலையாகவும் இருக்கலாம். என்னைக் கேட்டால், உணர்வை ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே சுற்றில், ஒரே சூட்டில், ஒரே பாரத்தில் இரண்டு எண்களைப் பாருங்கள்.

95இலும் 98இலும் பற்றவைக்கும் நேரம் ஒன்றாகவே இருந்தால் உங்கள் காருக்கு 95 போதும். 98இல் இரண்டு மூன்று பாகை முன்னே வந்தால் 98க்குக் கொடுக்கும் காசு எஞ்சினுக்குப் போய்ச் சேர்கிறது. தம்பியின் காரில் 98ஐயும், மலேசியாவில் பெட்ரோன் விற்கும் பிளேஸ் 100ஐயும் ஒப்பிட்டேன். 3,000 சுற்றுக்குக் கீழே ஒரு பாகை அளவு வித்தியாசம் தெரிந்தது, அதற்கு மேலே கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிட்டன. ஓட்டப் பாதையில் யாரும் 3,000க்குக் கீழே ஓட்டுவதில்லை. அவன் தானாகவே டின்னை மறந்துவிட்டான்.

குதிரைத்திறன் அளக்கும் இயந்திரமான டைனோவில் பார்க்க ஆசை என்றால், ஒரே நாளில், ஒரே இயந்திரத்தில், ஒவ்வொரு பெட்ரோலுக்கும் மூன்று ஓட்டமாவது கேளுங்கள். ஓட்டத்துக்கு ஓட்டம் ஓரிரு விழுக்காடு தானாகவே மாறும். ஒரே ஓட்டத்தில் 4 குதிரைத்திறன் கூடியது என்று காகிதம் கொடுத்தால் அதை வைத்து எதையும் வாங்காதீர்கள்.

செப்பாங்குக்குப் போகிறவர்களுக்கு

எல்லையைத் தாண்டும்போது டேங்கில் முக்கால்வாசி இருக்க வேண்டும், இல்லையென்றால் 500 வெள்ளி வரை அபராதம். அதனால் நீங்கள் கிளம்பும்போதே சிங்கப்பூர் 98 முக்கால் டேங்க் உள்ளே இருக்கும். அங்கே வெளிநாட்டுப் பதிவுக் கார்களுக்கு 95 கிடையாது, 97இலிருந்துதான் ஊற்றலாம். ஷெல் வி-பவர் ரேசிங் என்று பெயர் பார்த்து ரேஸ் பெட்ரோல் என்று எண்ணிவிடாதீர்கள், அங்கே அது ஆர்ஓஎன் 97. உங்கள் கார் 98 கேட்பது என்றால், வழியில் 100 கிடைக்கும் பம்பில் நிரப்புவது நல்லது. ஓட்டப் பாதையில் சுற்றுக்குச் சுற்று சூடு ஏறிக்கொண்டே போகும். அங்கே ஆக்டேன் குறைவாக இருப்பது நிஜமாகவே உறுத்தும். மிஞ்சிய பெட்ரோலை டின்னில் அடைத்து பூட்டில் வைத்துத் திரும்பக் கொண்டுவராதீர்கள். அதற்குக் குடிமைத் தற்காப்புப் படையின் உரிம விதிகளும் சுங்கத் தீர்வையும் இருக்கின்றன, ஆபத்தும் இருக்கிறது.

தவறாக ஊற்றிவிட்டால்

98 கேட்கும் காரில் 95 போய்விட்டால் பதற வேண்டாம். முழுதாக மிதிக்காமல் ஓட்டி, அரை டேங்க் இறங்கியதும் 98 நிரப்புங்கள். நாக் சென்சார் பார்த்துக்கொள்ளும். 92 போய்விட்டாலும் இதே வழிதான். கூடவே ஏற்றத்தில் கீழ்க் கியருக்கு மாற்றி, எஞ்சின் திணறாமல் பார்த்துக்கொள்ளுங்கள், டர்போ காரில் இன்னும் கவனம். டொக் டொக்கென்று சத்தம் கேட்டால் காலை எடுங்கள்.

ஈயம் கலந்த டின் உள்ளே போய்விட்டது என்று தெரிந்தால் மட்டும் நிலைமை வேறு. எஞ்சினை ஸ்டார்ட் செய்யாதீர்கள், சாவியை 'ஆன்' நிலைக்குக்கூடத் திருப்பாதீர்கள். பம்ப் ஓடி அது குழாய்க்குள் ஏறிவிடும். டோ வண்டியை அழைத்து, காக்கி புக்கிட்டோ சின் மிங்கோ, உங்களுக்குப் பழகிய பட்டறைக்கு அனுப்பி, டேங்கை முழுதாக இறக்கச் சொல்லுங்கள். டின்னையும் கூடவே கொடுத்து அனுப்புங்கள். உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்தால்தான் மெக்கானிக் கையுறை போட்டுக்கொண்டு வேலை செய்வார், இறக்கிய பெட்ரோலையும் தனியாக வைப்பார்.